ரயில் போன பாதையில் ஒரு சைக்கிள் சவாரி!

எனக்கு வயது 57. பதினைந்து வருடங்களுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்ததிலிருந்து இரண்டு சக்கர வண்டி என்றாலே நடுக்கம். அப்படிப்பட்ட என்னை, இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகள், ‘‘சைக்கிள் ஓட்டப் போறோம்மா’’ என்று கார்ன்வால் பகுதிக்குக் கூட்டிப் போனாள்.

இடத்தின் பெயர் கேமல் டிரெயில். ஒட்டகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர் கேமல். வேட்பிரிட்ஜ் என்ற ஊரிலிருந்து பேட்ஸ்டோ துறைமுகம் வரை சுமார் 9 கிலோமீட்டர். காருக்கோ பைக்குக்கோ அனுமதியில்லை.

‘‘மேடு வந்தா என்னடி பண்றது?’’ என்றேன். ‘‘இது பழைய ரயில் பாதைம்மா. ரயிலால ஏற முடியாத மேட்டை நீ மட்டும் ஏறணுமா என்ன?’’ என்று சிரித்தாள். அவள் சொன்னது சரிதான். இரும்புச் சக்கரம் செங்குத்தான மேடு ஏறாது என்பதால், ஆற்றை ஒட்டியே மட்டமாகப் பாதை போட்டிருக்கிறார்கள். அந்தச் சமதளம்தான் இன்று முட்டி வலிக்காரர்களுக்கு வரமாகிவிட்டது.

மணலுக்காக வந்த ரயில்!

1834-ல் வேட்பிரிட்ஜுக்கும் பாட்மினுக்கும் இடையே முதலில் ரயில் ஓடியது. எதற்குத் தெரியுமா? கழிமுகத்து மணலை உள்ளூர் வயல்களுக்கு உரமாகக் கொண்டு போக! கிளிஞ்சல் கலந்த அந்த மணல் மண்ணின் புளிப்பைக் குறைக்குமாம். 1899-ல் பாதை பேட்ஸ்டோ வரை நீண்டது. துறைமுகத்து மீன் லண்டனுக்கும், லண்டன்வாசிகள் கடற்கரைக்கும் இதில்தான் பயணித்தார்கள். 1967-ல் பயணிகள் ரயில் நின்றுபோனது. தண்டவாளம் போனாலும் பாதை பிழைத்துக்கொண்டது.

வாடகை சைக்கிள் எடுத்தோம். முதல் ஐந்து நிமிடம் ஹேண்டில்பாரை விட்டுப் பார்வை எடுக்கவில்லை. பிறகுதான் வலது பக்கம் ஆறு இருப்பதே தெரிந்தது. நீர் வடிந்த நேரம். பளபளக்கும் மணல்திட்டுகளில் வெள்ளைக் கொக்குகள், நம் ஊர் வயலில் நிற்பதுபோலவே, ஒற்றைக் காலில் நின்றன.

பேட்ஸ்டோ நெருங்கும்போது, ஓர் ஓடை ஆற்றில் கலக்கும் இடத்தில் பழைய ரயிலின் இரும்புப் பாலம் வருகிறது. கடல் காற்று ஆளையே தள்ளியது. கால் ஊன்றிவிட்டேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் இறங்கி என்னோடு தள்ளிக்கொண்டே நடந்தாள்.

பேட்ஸ்டோவில் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. துறைமுகத்தில் உட்கார்ந்து சூடாக பாஸ்டி சாப்பிட்டோம். நம் சோமாஸுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது. சைவக்காரர்களுக்குச் சீஸ், வெங்காயம் வைத்ததும் கிடைக்கிறது.

திரும்பும்போது நீர் ஏறி, காலையில் பார்த்த மணல்திட்டெல்லாம் காணாமல் போயிருந்தது. மறுபடி அதே பாலம். ‘‘இறங்கட்டுமாம்மா?’’ என்றாள். ‘‘நீ முன்னால போ’’ என்றேன். காற்று அடித்தது, ஹேண்டில்பார் ஆடியது. ஆனால், கால் தரையைத் தொடவில்லை. பாலம் தாண்டி அவள் திரும்பிப் பார்த்தபோது, நான் பெல்லை விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன்!

நீங்களும் போகிறீர்களா?

* லண்டன் பேடிங்டனிலிருந்து பாட்மின் பார்க்வே ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து பஸ்.

* வேட்பிரிட்ஜ், பேட்ஸ்டோ இரண்டிலும் வாடகை சைக்கிள் கிடைக்கும்.

* பாதைக்குக் கட்டணமில்லை. நடப்பவர்களும் வருவார்கள், பெல் அடித்து, வேகம் குறைத்துத் தாண்டுங்கள்.

* கோடை விடுமுறையில் கூட்டம் அதிகம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வெயில் அடித்தாலும் காற்றைத் தாங்கும் ஜாக்கெட் அவசியம்.