கடல் தாண்டாத ஃபாரின் டிகிரி!

விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம், பெட்டிக்குள் புளிக்காய்ச்சல் பாட்டிலை ஒளித்து எடுத்துப் போகவும் வேண்டாம். ஆனால் டிகிரி மட்டும் அசல் ஃபாரின் டிகிரி! இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்குமே? ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று ஒத்திகைகூட பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்க பாஸ்!

நான் சென்னையில் ஒரு ‘ஓவர்சீஸ் எஜுகேஷன்’ கன்சல்டன்ஸியில் மூன்று வருடம் கவுன்சலராக வேலை பார்த்தவன். (எந்தக் கன்சல்டன்ஸி என்று கேட்காதீர்கள்.) டை, ஏ.சி. ரூம், மேஜை மேல் சிவப்பு லண்டன் பஸ் பொம்மை... செட்டப் எல்லாம் பக்கா. எதிரில் வந்து உட்காரும் அப்பாக்கள் என்ன கேட்பார்கள் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சிலபஸ் பற்றி ஒருத்தரும் கேட்டதே இல்லை. “பார்ட் டைம் வேலை கிடைக்குமா தம்பி? படிப்பு முடிஞ்சதும் அங்கேயே எத்தனை வருஷம் இருக்கலாம்? லோன் எப்ப அடையும்?” இவ்வளவுதான். வீட்டுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற மனுஷன் வேறு என்ன கேட்பார், சொல்லுங்க? அவர் வாங்க வந்தது டிகிரியை அல்ல. அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற வேலை விசாவை.

இப்போது கதை தலைகீழ். நாம் அங்கே போவதற்கு பதில் அவர்கள் இங்கே வருகிறார்கள். இதற்கான சட்ட மசோதா 2010-லேயே நாடாளுமன்றத்துக்கு வந்து, நிறைவேறாமலே காலாவதி ஆனது. 2023 நவம்பரில் யு.ஜி.சி. புது விதிமுறைகளை அறிவித்தது. உலக ரேங்கிங்கில் முதல் 500-க்குள் இருக்கிற பல்கலைக்கழகம் இங்கே கேம்பஸ் போடலாம். ஃபீஸையும் அட்மிஷன் முறையையும் அவர்களே முடிவு செய்து கொள்ளலாம். குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் இதற்கு முன்பே தனி விதிகள் வந்துவிட்டன. அங்கே ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகம் 2024-ல் வகுப்பை ஆரம்பித்தது. யு.ஜி.சி. விதிப்படி வந்த முதல் ஆள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன். 2025 ஆகஸ்டில் டெல்லியை ஒட்டிய குருகிராமில் தொடங்கியது. யுனிவர்சிட்டி ஆஃப் வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா சென்னையிலும் மும்பையிலும் வரப்போவதாக 2025-ல் அறிவித்தது. ஆக, விஷயம் நம்ம ஏரியாவுக்கே வந்தாச்சு!

ஏன் இந்த திடீர் பாசம்? கணக்கு சிம்பிள். இங்கிலாந்தில் சொந்த ஊர் மாணவர்களிடம் இவ்வளவுதான் வாங்கலாம் என்று அரசு கயிறு கட்டி வைத்திருக்கிறது. 2017-ல் 9,250 பவுண்டில் நின்ற அந்தக் கயிறு 2025-ல்தான் 9,535-க்கு நகர்ந்தது. விலைவாசி அதுவரை காத்திருக்குமா? வெளிநாட்டு மாணவர்களின் ஃபீஸுக்குக் கயிறு கிடையாது. அதை வைத்துத்தான் வண்டி ஓடியது. அந்த நேரம் பார்த்து அரசாங்கங்கள் கதவைச் சாத்த ஆரம்பித்தன. 2024 ஜனவரியில் பிரிட்டன், பெரும்பாலான மாஸ்டர்ஸ் மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டி வரக் கூடாது என்றது. அதே மாதம் கனடா மாணவர் பர்மிட்டுக்கு உச்சவரம்பு போட்டது. ஆஸ்திரேலியா, 710 டாலராக இருந்த மாணவர் விசா கட்டணத்தை ஒரு வருட இடைவெளியில் இரண்டு முறை ஏற்றி 2,000 டாலர் ஆக்கியது. கஸ்டமர் கடைக்கு வர முடியவில்லை என்றால், கடை கஸ்டமர் தெருவுக்கு வரும். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கடைதான் வருகிறது, ஊர் வரவில்லை. இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

பிரிட்டனில் படித்து முடித்த பிறகு அங்கேயே தங்கி வேலை தேட ‘கிராஜுவேட் ரூட்’ என்று ஒரு விசா இருக்கிறதே, அது பிரிட்டன் மண்ணில் படித்தவர்களுக்கு. குருகிராமில் மூன்று வருடம் படித்தவருக்கு அதே பல்கலைக்கழகத்தின் சர்டிஃபிகேட் கிடைக்கும். அதற்குத் தாய் கேம்பஸ் டிகிரிக்கு உள்ள அதே மதிப்பு உண்டு என்று விதிமுறையே சொல்கிறது. ஆனால் அந்த விசா கிடைக்காது. வார இறுதியில் கடையில் வேலை பார்த்து பவுண்டில் சம்பாதிப்பதும் கிடையாது. என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்த அப்பாக்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் இங்கே பதில் ‘இல்லை’.

இதை இன்னொரு பக்கம் இருந்து பாருங்களேன். நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸும் 2023-ல் கடல் தாண்டி, ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் கேம்பஸ் திறந்திருக்கிறது. டேட்டா சயின்ஸ், ஏ.ஐ. எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அங்கே படிக்கிற ஒரு தான்சானியா மாணவிக்குக் கிடைப்பது அசல் ஐ.ஐ.டி. டிகிரிதான். ஆனால் கிண்டியின் மான்கள், ஆலமரங்கள், ஹாஸ்டல் மெஸ்ஸை நாலு வருடம் சேர்ந்து திட்டும் கும்பல், பக்கத்திலேயே இருக்கும் ரிசர்ச் பார்க் கம்பெனிகள்... இதெல்லாம் கப்பலேறிப் போகுமா? அந்த மாணவியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்னென்ன கேட்பீர்களோ, அதையெல்லாம் இங்கேயும் கேட்கலாம்.

அடுத்தது பயமுறுத்தல் இல்லை, நடந்த கதை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் சிங்கப்பூரில் ஜாம் ஜாமென்று கேம்பஸ் திறந்தது. 2020-க்குள் 15,000 மாணவர்கள் என்பது திட்டம். சேர்ந்தது 148 பேர். மே மாதமே ‘மூடப் போகிறோம்’ என்று அறிவித்துவிட்டார்கள். ஒரே ஒரு செமஸ்டர்! சிட்னிக்கு வந்து படியுங்கள் என்று இடம் கொடுத்தார்கள். ஆனால் சிங்கப்பூர் செலவைக் கணக்குப் போட்டு வந்த குடும்பத்துக்கு சிட்னி வேறு கணக்கு அல்லவா? மார்ச்சில் அறை எடுத்து, நண்பர்கள் பிடித்து, பஸ் ரூட் பழகி, ஜூனில் பெட்டி கட்டிய அந்த 148 பேரை நினைத்தால் எனக்கு இப்பவும் ஒரு மாதிரி இருக்கும். 1980-களில் ஜப்பானிலும் இப்படித்தான். அமெரிக்கக் கல்லூரிகள் டஜன் கணக்கில் போய் இறங்கின. பெரும்பாலானவை கடையைக் கட்டிவிட்டன. 1982-ல் போன டெம்பிள் பல்கலைக்கழகம் நின்றுவிட்டது.

எல்லாமே மூடுவிழாதான் என்று சொல்லவில்லை. மலேசியாவில் 1998-ல் வந்த மோனாஷும், 2000-ல் வந்த நாட்டிங்ஹாமும் கால் நூற்றாண்டு தாண்டி ஓடிக்கொண்டிருக்கின்றன. யு.ஜி.சி. விதிப்படி இங்கே யாரும் முன் அனுமதி இல்லாமல் கேம்பஸை மூட முடியாது. மூடினால் மாணவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்வது தாய்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. நல்ல விதிதான். ஆனால் ‘மாற்று ஏற்பாடு’ என்பது எந்த ஊரில், யார் செலவில் என்று சேருகிறபோதே கேட்டுவிடுவது நல்லது.

இது யாருக்கு நிஜமாகவே உபயோகம் என்று எனக்கு ஒரு முகம் ஞாபகம் வருகிறது. கரூரில் இருந்து வந்த ஒரு பொண்ணு. ஐ.இ.எல்.டி.எஸ்.-ல் 7.5. இங்கிலாந்து ஆஃபர் லெட்டர் கையில். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். “லண்டன்ல இருந்து அவசரத்துக்கு ஓடி வர முடியாது சார்” என்று ஃபைலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு விசா வேண்டாம், வேலையும் வேண்டாம். படிப்புதான் வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு சென்னையில் ஒரு கேம்பஸ் வந்தால் அது வரம்தான். குருகிராம் என்றால், கரூர்க்காரிக்கு அதுவும் பாதி ஃபாரின்!

விளம்பரங்கள் ஒரு ட்ரிக் வைத்திருக்கும். ‘லண்டனில் ஆகும் செலவில் பாதிக்கும் கீழே!’ என்று பெரிய எழுத்தில் போடும். ஒப்பிட வேண்டியது லண்டனோடு இல்லீங்க. நீங்கள் இருக்கப்போவது இந்தியாவில். வேலை தேடப்போவதும் இங்கேதான். அதே காசுக்கு இங்கே கிடைக்கிற நல்ல காலேஜ் எது? கிண்டி இன்ஜினீயரிங் காலேஜோ, லயோலாவோ, ஐ.ஐ.டி.யோ கிடைக்கிற மார்க் உங்களிடம் இருந்தால் அந்த ஃபீஸைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் பேசலாம். கன்சல்டன்ஸியில் ‘சர்வீஸ் ஃப்ரீ’ என்பார்கள். பெரும்பாலும் அவர்களுக்குக் காசு தருவது நீங்கள் சேரும் பல்கலைக்கழகம். அதனால் இந்த ஒப்பீட்டை அவர்கள் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

அப்புறம், பாடம் நடத்தப்போவது யார்? தாய் கேம்பஸ் புரொபசர் என்றால் எத்தனை செமஸ்டர் இருப்பார்? ‘நடுவில் ஒரு வருடம் வெளிநாட்டு கேம்பஸுக்குப் போகலாம்’ என்று சொன்னால், அந்த வருடத்துக்கு எந்த ஊர் ஃபீஸ்? ஹாஸ்டல் செலவு யாருடையது? எத்தனை பேருக்கு இடம்? இதையெல்லாம் கேட்டால் அட்மிஷன் ஆபீஸில் இருப்பவர் சிரித்தபடி “மேலிடத்தில் கேட்டுச் சொல்றேன்” என்பார். போனில் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். எழுத்தில் வந்த கேள்விதான் மேலிடம் வரைக்கும் போகும். அந்த நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.