பன்னும் மாரியும்

பன் என்பது ஈரநிலத்தில் வளரும் கோரையினப் புல். கிழக்கிலங்கையில் அக்கரைப்பற்றைச் சூழ்ந்த கரையோரத்தில் வயலை ஒட்டிய பள்ளங்களும் களப்போரத்து நன்னீர்ச் சதுப்புகளுமே அதன் இடம். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும் மாரி மழை அந்தப் பள்ளங்களை நிரப்புகிறது. அந்த நீர் வீட்டுக்குள் புகுந்தால் வெள்ளம். பள்ளத்தில் நின்றால் பாய் இழைக்கும் பன் அதில் வளரும்.

பாய் இழைப்பது இங்கு முஸ்லிம் பெண்களின் கைவேலை. வெட்டிய பன்னை நெடுக்காகக் கீறி வெயிலில் காயவைப்பார்கள். கொஞ்சத்தைச் சாயநீரில் அவித்தெடுப்பார்கள். காய்ந்த பன் ஒடியும் என்பதால் இழைக்கும்போது ஈரப்படுத்த வேண்டும். தமிழ்நாட்டுப் பத்தமடைப் பாய்க்குத் தறியும் பாவுநூலும் உண்டு, பன்பாய்க்கு இரண்டுமில்லை. நிலத்தில் குந்தியிருந்து, ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக விரலாலேயே கோத்துப் போகிறார்கள். கோலம் எந்தத் தாளிலும் வரையப்படுவதில்லை, எண்ணிக்கையாக மனதில் இருக்கிறது. மாரியில் வேலை தடுமாறும். வெயில் இல்லாவிட்டால் பன் காயாது, பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும்.

உம்மாவிடமிருந்து மகளுக்கு இந்த வேலை வருவதற்கு ஊர் வழக்கமும் துணை. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் கலியாணத்தோடு வீடு பெண்ணுக்குப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். உம்மம்மா, உம்மா, மகள் மூவரும் ஒரே வளவில் அல்லது அடுத்த வளவில் இருக்கிறார்கள். தனியாகப் பள்ளிக்கூடம் வைத்துக் கற்பிக்க வேண்டிய தேவை வரவில்லை. ஆனால் மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு வேண்டும். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலம் அதற்குப் போதவில்லை. வளவு துண்டாகிறது, பிறகு பள்ளக்காணியில் மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டுகிறார்கள். தொழிலைக் காத்த வழக்கமே பன் முளைத்த நிலத்தையும் தின்கிறது. குற்றமாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை, மகளுக்குக் கூரை தேடாத பெற்றோர் யார்?

பள்ளம் மூடினாலும் மழை குறையவில்லை. 1957 டிசம்பர், 2011 ஜனவரி, 2024 நவம்பர் ஆகிய மூன்றும் இக்கரையோரம் மறக்காத வெள்ளங்கள். தேங்க இடமற்ற தண்ணீர் தெருவுக்கும் வளவுக்கும் வருகிறது. அப்போது கூரை வளையில் செருகிய பாய்தான், மக்கள் ஒதுங்கும் பள்ளிக்கூடத் தரையில் முதலில் விரிபடுகிறது.

வெள்ளத்தை வடிக்கப் பழைய வழி முகத்துவாரம் வெட்டுவது. களப்புக்கும் கடலுக்கும் இடையே அலை குவித்த மணல்திட்டை வெட்டிவிட்டால் நீர் தானாக வாயை அகலமாக்கிக்கொண்டு கடலில் இறங்கும். அக்கரைப்பற்றுப் பக்கம் சின்னமுகத்துவாரம் இப்படி வெட்டப்படுகிறது. எப்போது வெட்டுவது என்பதில்தான் சச்சரவு. பிந்தினால் வேளாண்மை அழுகும். முந்தினால் களப்பு வற்றி உப்புநீர் ஏறும், மீன்பிடிகாரரும் முறையிடுவர். பன் வெட்டும் பெண்களின் சொல் அந்தப் பேச்சில் ஏறுவது அரிது. நீர் இறங்கி வெயில் ஏறியதும், எஞ்சிய பள்ளங்களுக்குக் கத்தியோடு போவது அவர்கள்தான்.