துருவும் துர்எண்ணமும்

 

பிள்ளைகளுக்கு நாள்தோறும் எதைப் போதிக்கின்றோமோ, அதிலேயே நாம் இடறி விழுந்தால் உண்டாகும் வெட்கம் சொல்லி மாளாதது. அத்தகைய ஒரு வெட்கத்தைத்தான் இங்கே உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்திருக்கின்றேன். விஷயம் என்னவோ ஒரு காரின் மீது படிந்த புள்ளிகள்தாம். ஆயினும், என் உள்ளத்தில் படிந்திருந்ததை அவை எனக்குக் காட்டிவிட்டன.

நான் மார்க்கக் கல்வி போதித்து வரும் மணிமங்கலம், ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனும் சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியும் பொருதிய களம். இன்று இவ்வூரைச் சுற்றி நடப்பது வேறு விதமான இரும்பின் ஆட்சி. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. பெரிய ஆலைகளின் நிழலில் உதிரிப்பாகப் பட்டறைகளும், வெல்டிங் கொட்டகைகளும், கார் கழுவும் வாட்டர் சர்வீஸ் கடைகளும் பெருகின. வயல்களை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று இவற்றை நம்பித்தான் அடுப்பெரிக்கின்றனர்.

எங்கள் மக்தபில் ஓதி முடித்த இளைஞர் ஒருவர் அத்தகைய கடையொன்றில் வேலை செய்கிறார். தகப்பனை இழந்தவர், தாயும் தங்கையும் அவருடைய கூலியில்தான் உண்கின்றனர். காரைக் கழுவுவதோடு நில்லாமல், பெயின்டில் ஒட்டிய மாசுகளைக் களைந்து மெருகேற்றும் ‘டீடெய்லிங்’ வேலையையும் அவர் கற்றிருந்தார். என் சொல்லைக் கேட்டு என் மச்சான் தமது வெள்ளைக் காரை அவரிடம் விட்டார். கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு வந்தது வண்டி. ஆனால் பத்தே நாளில் அதன் மீது மிளகாய் விதையளவில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றின. மீண்டும் தேய்த்துத் தந்தார், மறைந்தன. அடுத்த மழைக்குப் பின் மறுபடியும் முளைத்தன.

மச்சான் கொதித்துப் போனார். “உங்கள் மாணவன் ஏதோ ஆசிட்டைப் போட்டு என் வண்டியைக் கெடுத்துவிட்டான்” என்றார். கடை முதலாளியிடமும் முறையிட்டார். முதலாளி அந்த இளைஞரின் வாரக் கூலியை நிறுத்தி வைத்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு நேரே கடைக்குச் சென்றேன். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நிற்க, “ஓதிய பிள்ளை இப்படிச் செய்யலாமா? என் முகத்தில் கரி பூசிவிட்டாயே!” என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலை குனிந்தவாறே, “ஹஜ்ரத், வண்டியை ஒருமுறை கொண்டுவரச் சொல்லுங்கள். பிழை என்னுடையதென்றால் ஆகும் செலவை என் கூலியில் கழித்துக்கொள்ளட்டும்” என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வண்டி வந்தது. நிழலில் நிறுத்திக் கழுவினார். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டின் மீது தடவினார். என்னையும் அவ்வாறே தடவச் சொன்னார். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், கைக்கு உப்புத்தாள் போல் சொரசொரத்தது!

அடுத்து அவர் மச்சானிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அண்ணே, வேலை செய்யும் இடத்தில் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்?” ஓராண்டாக ஒரு கொட்டகையின் சுவரோரம் நிறுத்துவதாக மச்சான் கூறினார். அங்கே நாள் முழுதும் கிரைண்டரில் இரும்பு அறுக்கின்றனர். கொட்டகையின் பக்கமாக நிற்கும் இடப்புறத்தில் புள்ளிகள் மண்டிக் கிடந்தன. வலப்புறத்திலோ விரல்விட்டு எண்ணிவிடலாம். கழுவியவர் கெடுத்திருந்தால் இருபுறமும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்?

அன்று அவரிடம் நான் மாணவனானேன். கிரைண்டரிலிருந்து தெறிக்கும் பொறிகள் சூடான இரும்புத் துகள்கள். அவை பெயின்டின் மேலிருக்கும் ‘கிளியர் கோட்’ என்னும் நிறமற்ற பூச்சில் பதிந்துவிடுகின்றன. பிரேக் தேய்மானத்திலிருந்து கிளம்பும் தூசியிலும் இரும்பு உண்டு. ஈரம் பட்டதும் துகள் துருப்பிடித்துச் செம்புள்ளியாகிறது. மேலே தேய்த்தால் துருவின் கறை போகும். உள்ளே பதிந்த இரும்பு போகாது. ஆகவேதான் அது மழைக்கு மழை முளைக்கிறது. காரின் பூச்சு முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 120 மைக்ரான் கனம்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கிளியர் கோட் அதில் பாதியும் இராது. புள்ளி தெரியும்போதெல்லாம் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் காப்புப் பூச்சே கரைந்துவிடும்.

கையுறை அணிந்து ஒரு திரவத்தைத் தெளித்தார். அழுகிய முட்டையின் நாற்றம்! சில நிமிடங்களில் வெள்ளைக் காரின் விலாவில் ஊதா நிறம் கோடுகோடாக வழிந்தது. திரவத்திலுள்ள தயோகிளைக்கோலேட் என்னும் இரசாயனம் இரும்போடு கூடும்போது தோன்றும் நிறமாம் அது. காய்வதற்குள் நன்றாக அலசினார். எஞ்சியவற்றைச் சோப்பு நீர் தெளித்து, களிமண் போன்ற பிசைபொருளால் மெல்ல உருட்டி எடுத்தார். அது ஒருமுறை தரையில் விழுந்தது. உடனே எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்தார். ஒட்டிய மணல் பெயின்டைக் கீறிவிடுமாம்.

முடிவில் அவரே முன்வந்து, “அண்ணே, ஏழெட்டு இடங்களில் துரு பூச்சைத் தின்று குழியாக்கிவிட்டது. அவற்றை என்னால் சரிசெய்ய இயலாது. மெழுகு பூசினால் சில நாள் மறையும், சொல்லாமல் பூச எனக்கு மனமில்லை” என்றார்.

அப்போது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வரலாறு என் நினைவில் எழுந்தது. அவர்கள் துணி வணிகர். குறையுள்ள துணியை அதன் குறையைச் சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டார் என்றறிந்ததும், அந்தப் பணத்தைத் தர்மம் செய்துவிட்டார்கள். இதை மக்தபில் இவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதைக் கடைப்பிடித்தார். வரும் செய்தியை விசாரித்துத் தெளியுமாறு கட்டளையிடும் 49-ஆம் அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதை நான் கடைப்பிடிக்கவில்லை!

உள்ளங்களில் படியும் துருவைப் பற்றித் திருக்குர்ஆன் 83-ஆம் அத்தியாயத்தின் 14-ஆம் வசனத்தில் பேசுகிறது. அதே அத்தியாயம், அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துத்தான் தொடங்குகிறது. நிறுப்பவன் தராசில் மட்டுமா மோசடி? ஒருவனுடைய பேச்சுக்கு முழு எடையும், மற்றவனுடைய மௌனத்திற்குக் கால் எடையும் வைத்தேனே, அதுவும் மோசடியல்லவா? உறவினர் சொன்னார் என்பதற்காக ஓர் ஏழையை நான் குறைத்து நிறுத்துவிட்டேன்.

ஏசியது நாலு பேர் முன்னிலையில். மன்னிப்புக் கேட்பது மட்டும் தனிமையிலா? மறுநாள் அதே அஸர் வேளையில் அதே கடையில், நின்றிருந்தவர்கள் கேட்கவே, “தம்பி, நான் விசாரிக்காமல் பேசினேன், என்னை மன்னித்துவிடு” என்றேன். அவர் பதறிப்போய் என் கையைப் பற்றிக்கொண்டார். முதலாளி கூலியைக் கொடுத்தார். மச்சானும் வேலைக்குரிய பணத்தைத் தந்து, வண்டி நிறுத்தும் இடத்தை மாற்றிக்கொண்டார்.

அன்பர்களே! உங்கள் வாகனத்தில் இத்தகைய புள்ளிகள் தோன்றினால், கழுவியவரைப் பிடிக்கும் முன் வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் புள்ளி அதிகம், எப்போதிருந்து தோன்றுகிறது என்பவற்றைப் பாருங்கள். கடை வைத்திருப்போர் புகார் வந்தவுடன் தொழிலாளியின் கூலியில் கை வைக்காதீர்கள்.

மச்சானின் காரில் அந்த ஏழெட்டுக் குழிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றைக் காணும்போதெல்லாம், அந்த இளைஞர் அன்று தலை குனிந்து நின்ற கோலம் என் கண்முன் வருகிறது. அவர் மன்னித்துவிட்டார். அல்லாஹ்வும் மன்னிக்க வேண்டும் என்று துஆச் செய்கின்றேன். நீங்களும் எனக்காகத் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.