கருவிகளின் இல்லம்

பாரிசு மாநகருக்குத் தென்கிழக்கே அமைந்துள்ளது துருவா என்னும் தொன்மை வாய்ந்த நகரம். 1264-இல் தேவ நற்கருணைத் திருநாளைத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்திய பாப்பரசர் நான்காம் உர்பன் இங்கு ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தந்தையின் தொழிற்கூடம் இருந்த இடத்திலேயே அவர் எழுப்பச் செய்த ஆலயம் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது.

உழைப்பைப் போற்றும் அந்நகரில், அநாதைச் சிறுவர் முன்னாளில் தொழில் பயின்ற 16-ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று உண்டு. அதில் 1974 முதல் கைக்கருவிகளின் காட்சிச்சாலை நடைபெறுகின்றது. பவுல் ஃபெலர் என்னும் சேசு சபைக் குரு தேடித் திரட்டிய கருவிகளே அதன் அடித்தளம். 10,000-க்கு மேற்பட்ட சுத்தியல், இழைப்புளி, உளி முதலியன அங்கே அணிவகுத்துள்ளன.

இத்தனை வகை எதற்கு? ஸ்பானரையே எடுத்துக்கொள்வோம். 1841-இல் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் திருகுமரைகளுக்குப் பொது அளவு வகுக்குமுன், கொல்லர் தாம் அடித்த நட்டுக்கு ஏற்ற ஸ்பானரையும் தாமே அடித்தார். வண்டி அச்சுக்கு ஒன்று, கட்டிலுக்கு மற்றொன்று. அந்த நட்டு மறைந்தால், ஸ்பானர் வெறும் இரும்பே. ஆதலால், பயன்படுத்தியவர் உயிரோடிருக்கையிலேயே பயனைக் கேட்டு எழுதிவைப்பது சேகரிப்போரின் முதற்கடமை.

புனித சூசையப்பர் பேசிய ஒரு சொல்லேனும் நற்செய்தியில் இல்லை. அவர் தச்சர் என்பதோ இருக்கின்றது. நம் தந்தையின் கருவிகளைப் பழைய இரும்பாக எடைபோடுமுன், அவை எதற்கென்று அவரிடமே கேட்டறிவோமாக.