கை எட்டும் உயரம்

என் அப்பா தச்சர். தூத்துக்குடியில் நாங்கள் குடியிருந்த தெருவில் பாதி வீட்டு அலமாரிகள் அவர் கைவேலை. எங்கள் வீட்டு அடுப்படியில் மட்டும் அலமாரி இல்லை. அடுப்புக்கு மேலே சுவரில் பதித்த சிமெண்டுப் பலகை ஒன்றுதான். அதில் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் மல்லி, மிளகாய்த்தூள், மஞ்சள், சீரகம். அம்மாவின் உயரம் நாலடி பத்து அங்குலம். பலகை இருந்தது ஆறடியில். அப்பாவும் கொத்தனாரும் நின்று முடிவுசெய்த உயரம் அது. பின்வரிசைப் பாட்டிலை எடுக்க அம்மா நாற்பது வருடம் முக்காலியில் ஏறி இறங்கினார்.

இரண்டு வருடங்களுக்கு முன் முக்காலி சரிந்து மணிக்கட்டு முறிந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம், "பார்த்து ஏறக் கூடாதா?" என்று அம்மாவைத்தான் கேட்டார்கள். பலகையை யாரும் குறை சொல்லவில்லை.

அம்மாவுக்கு ஒரு மசாலா அலமாரி நானே செய்வதென்று அப்போதுதான் தீர்மானித்தேன்.

தச்சு எனக்குப் புதிதல்ல. அப்பா அறுக்கும்போது பலகையின் மறுமுனையைப் பிடித்தே வளர்ந்தவள் நான். உப்புத்தாள் தேய்ப்பது, சீவல்களை அடுப்புக்குக் கூட்டி அள்ளுவது எல்லாம் என் வேலை. உளி மட்டும் அண்ணனுக்கு. அப்பா இறந்தபின் கருவிப்பெட்டியும் அண்ணனுக்கே போயிற்று. அவன் வங்கியில் வேலை பார்க்கிறான். பெட்டி பரணில் கிடந்தது. கேட்டபோது, "உனக்கு எதுக்கு?" என்றான். கொடுத்தான்.

பைன் எங்கள் ஊர் மரமில்லை. துறைமுகத்தில் இறங்கும் சரக்கைச் சுமந்து வரும் பெட்டிகளின் மரம். பழைய மரக்கடையில் மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது கோதுமைக்கதிர் முத்திரையைத் தேடிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் 'எச்.டி.' என்றிருந்தால், பூச்சி சாக மரத்தின் உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது என்று பொருள். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது. அது அடுப்படிக்கு ஆகாது. எண்ணெய்க் கறை படிந்த பலகைகளையும் ஒதுக்கினேன்.

அளவெடுக்கும் நாளில் அம்மாவைச் சுவரோரம் நிற்கச் சொன்னேன். "எக்காம, தோள் வலிக்காம கையைத் தூக்குங்கம்மா." முறிந்து கூடிய கையைத்தான் தூக்கினார். விரல்நுனி நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அதுதான் மேல்தட்டு. "என்னை எதுக்குட்டி அளக்க?" என்று சிரித்தார். அடுப்படி அம்மாவின் ராஜ்ஜியம் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்த ராஜ்ஜியத்தில் அம்மாவை அளந்தது அன்றுதான் முதல்முறை.

உயரம் இரண்டடி, அகலம் ஒன்றரை அடி, உள் ஆழம் நாலு அங்குலம். ஆழம் கூடினால் பாட்டிலுக்குப் பின்னால் பாட்டில் ஒளிந்துகொள்ளும். முக்கால் அங்குலப் பலகை நான்கு குறுக்கே. நடுவே ஏழேழு அங்குல இடைவெளியில் மூன்று தட்டு. பாட்டில் சரியாமலிருக்க முன்னால் ஒரு பட்டை. பைன் மென்மையான மரம், ஓரத்தில் சட்டென்று பிளக்கும். முதல் பலகை அப்படித்தான் பிளந்தது. பிறகு திருகாணியைவிடச் சிறிய துளை போட்டுவிட்டே முடுக்கினேன். கணுக்களையும் ஆணித் தழும்புகளையும் இழைக்காமல் விட்டேன். உள்ளே வார்னிஷ் அடிக்கவில்லை, மசாலாவில் வாடை ஏறும். வெளியே ஆளிவிதை எண்ணெய் மட்டும்.

பலகை அறுக்கும்போது மறுமுனையை அம்மா பிடித்துக்கொண்டார். மூன்றாவது பலகையில், "இங்க குடு, நானும் அறுத்துப் பாக்கேன்" என்றார். அந்த வெட்டு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. அதை மாற்றவில்லை, மேல்தட்டாக வைத்தேன்.

அடுப்பின் சூடும் ஆவியும் படாத எதிர்ச்சுவரில், பிளக் அடித்து மாட்டினோம். அண்ணன் வந்தான். அப்பாவின் மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தான். "மேல்தட்டு ஒரு நூல் சாஞ்சிருக்கு" என்றான்.

அம்மா கையை நீட்டிச் சீரகத்தை எடுத்தார்.

"எனக்கு எட்டுது" என்றார்.