ஆற்றுக்கு நடுவே ஓர் ஊர்

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே எங்கள் அசோக் நகரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். மேல்வீட்டுக்காரர்கள் தென்காசிப் பக்கம் போயிருப்பார்கள், எதிர்வீட்டுக்காரர்கள் பட்டுக்கோட்டைக்கு, தெருமுனை இஸ்திரிக்காரர் செஞ்சிக்கு அருகே ஒரு கிராமத்துக்கு. திரும்பி வரும்போது கரும்பும் பனங்கிழங்கும் ஊர்ப்பேச்சும் கூடவே வரும். எனக்கு அப்படி ஓர் ஊர் வாய்க்கவில்லை. தாத்தா காலத்திலேயே நிலமும் வீடும் கைமாறிவிட்டன. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் 1964இல் அசோகர் தூணைச் சுற்றி உருவான இந்தக் குடியிருப்பில்தான். இங்கே பல தெருக்களுக்கு எண்தான் பெயர். 2024இல் உதயம் தியேட்டர் மூடியபோது எங்கள் பக்கத்தில் பலருக்கும் மனசு கனத்தது. எங்களுக்கு இழப்பதற்கென்று இருந்த பழைய இடமே அதுதான்.

“உங்களுக்கு எந்த ஊருக்கா?” என்று யாராவது கேட்டால் “மெட்ராஸ்தான்” என்கிறேன். ஆனால் கேள்வி காதில் விழுந்ததும் மனத்தில் எழுவது லம்பரேனே. மத்திய ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டில், ஒகூவே என்னும் பெரிய ஆற்றின் நடுத்தீவில் இருக்கிறது அந்த ஊர். அங்கே எனக்கு உறவு கிடையாது, ஒரு சாண் நிலம் கிடையாது, மொழியும் தெரியாது. ஒரே ஒரு முறை, ஒரு நவம்பர் மழைக்காலத்தில் போய் வந்தேன். அன்றிலிருந்து அந்த ஊருக்காக ஏங்குகிறேன். நமக்குச் சொந்தமில்லாத ஊருக்காக ஏங்கலாமா என்று பல நாள் எனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு. ஏங்கலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அந்தப் பெயர் முதலில் என் காதில் விழுந்தது பள்ளிப் பேச்சுப் போட்டியில். திருக்குறள் பற்றிப் பேச வரும் பிள்ளைகள் போப்பைச் சொல்வார்கள், டால்ஸ்டாயைச் சொல்வார்கள், பிறகு ஆல்பர்ட் சுவைட்சரைச் சொல்வார்கள். குறளைப் புகழ்ந்த வெளிநாட்டு அறிஞர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எங்கள் யாருக்கும் தெரியாது. வளர்ந்த பிறகு, இந்தியச் சிந்தனை பற்றி அவர் எழுதி 1936இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலைத் தேடிப் படித்தேன். இந்தியத் தத்துவம் பெரும்பாலும் உலகைத் துறக்கச் சொல்கிறது என்பது அவருடைய வாதம். அந்த வாதத்துக்கு நடுவே வள்ளுவரை மட்டும் தனியே நிறுத்துகிறார். வாழ்வை ஏற்றுக்கொள்வதும், உழைப்பதும், அன்பு செய்வதுமே அறம் என்று இந்த மண்ணில் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று வியக்கிறார். இதை எழுதியவர் தம் வாழ்வில் பாதியை லம்பரேனே என்ற ஊரில் ஒரு ஆஸ்பத்திரி நடத்திக் கழித்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சென்னைப் பேருந்துகளில் எழுதியிருக்கும் குறளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஊர்ப் பெயரும் கூடவே நினைவுக்கு வரத் தொடங்கியது.

போகும் வாய்ப்பு சித்தப்பா மகனால் வந்தது. காபோன் தலைநகர் லிப்ரவில்லிலிருந்து 27 கிலோமீட்டரில் நிகோக் என்ற இடத்தில் ஒரு பெரிய தொழிற்பேட்டை இருக்கிறது. முழு மரத்தடியை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று காபோன் அரசு 2010இல் தடை போட்ட பிறகு, மரத்தை உள்நாட்டிலேயே அறுத்துச் சீவி அனுப்பும் ஆலைகள் அங்கே வந்தன. அவற்றில் இந்தியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். தம்பியும் அப்படி ஒரு ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தான். “அக்கா, சும்மா ஒரு தடவை வந்துட்டுப் போங்க” என்றான். மும்பை, அடிஸ் அபாபா வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

காபோன் பரப்பில் தமிழ்நாட்டைப் போல் இரு மடங்கு. மக்கள்தொகையோ சென்னை மாநகரில் பாதிகூட இல்லை. நிலத்தில் பெரும்பகுதி காடு. லிப்ரவில்லிலிருந்து லம்பரேனே சுமார் 240 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுக்கக் காடு சாலையின் இரு பக்கமும் சுவராக நிற்கிறது. கோமோ ஆற்றைக் காங்கோ என்ற சிற்றூரில் கடந்தோம் (நாம் அறிந்த காங்கோ வேறு). பூமத்திய ரேகையைக் கடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, சாலையின் குறுக்கே சும்மா நடந்து பார்த்தேன். எதிரே வந்த லாரிகளில் ஆள் உயரத்துக்கு மேல் குறுக்களவுள்ள மரத்தடிகள், ஒரு லாரிக்கு நான்கோ ஐந்தோ. அத்தனையும் ஒகூமே மரம் என்றான் தம்பி. பிஃபூன் என்ற கூட்டுச்சாலையில் கடைகள். வாழைத்தார், மிளகாய், காட்டு விலங்குகளின் இறைச்சி, கத்தரிப்பூ நிறத்தில் அதாங்கா என்ற பழம். அந்தப் பழத்தை வெந்நீரில் சிறிது நேரம் போட்டு மெத்தென்று ஆனதும் உப்புத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். வெண்ணெயும் புளிப்பும் கலந்த அந்த ருசிக்கு ஈடாக இங்கே எதையும் என்னால் காட்ட முடியவில்லை.

பாலத்தில் ஏறும்போதுதான் ஆறு தெரிந்தது. தண்ணீர் காப்பி நிறத்தில், கரை தொட்டு, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. காங்கோ குடியரசில் பிறந்து 1,200 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு. லம்பரேனே அதன் இரண்டு கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஊரின் எந்தச் சரிவில் இறங்கினாலும் தண்ணீரில்தான் போய் நிற்போம். படகுத்துறையை ஒட்டிச் சந்தை. மரவள்ளிக்கிழங்கைப் பல நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, கசப்பு நீங்கியதும் இடித்து, இலையில் நீளமாகச் சுற்றி நாரால் கட்டி அவித்து விற்கிறார்கள். சேலம், ஆத்தூர்ப் பக்கம் இதே கிழங்குதான் ஜவ்வரிசி ஆகிறது. பக்கத்தில் புகையில் வாட்டிய மீன் அடுக்கடுக்காக. வாழைக்காய் வறுவல், கரியில் சுட்ட மீன், பச்சை மிளகாய்த் துவையல் என்று தட்டு வந்தபோது எனக்கு அந்நியமாக எதுவுமே தோன்றவில்லை. “ம்போலோ” என்று யார் சொன்னாலும் “ம்போலோ” என்று பதில் சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு நம்மை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. வயதான பெண்களை எல்லாரும் அம்மா என்றே அழைக்கிறார்கள். என்னையும் அழைத்தார்கள்.

சுவைட்சரின் பழைய ஆஸ்பத்திரி ஆற்றின் வலக்கரையில், மேட்டில் இருக்கிறது. அங்கே நான் நெடுநேரம் இருந்தேன். 1875இல் அல்சாஸில் பிறந்தவர், இறையியல் அறிஞர், பாக்கின் இசையை ஆர்கனில் வாசிப்பதில் பெயர் பெற்றவர். முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படிக்க உட்கார்ந்தார். 1913 ஏப்ரலில் மனைவி ஹெலனோடு இந்த ஆற்றில் வந்து இறங்கினார். கோழிகளை அடைத்து வைத்திருந்த ஒரு கொட்டகைதான் முதல் சிகிச்சையறை. முதல் உலகப் போரில், பிரெஞ்சுக் காலனியில் இருந்த ஜெர்மன் குடிமக்கள் என்பதால் இருவரையும் கைதிகளாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1924இல் அவர் திரும்பி வந்தபோது கட்டடங்களைக் காடு விழுங்கியிருந்தது. மறுபடி கட்டினார். அதுவும் போதாமல் 1927இல் இந்த மேட்டுக்கு மாறினார்.

வார்டுகள் நீண்டு ஒடுங்கியவை, தகரக் கூரை போட்டவை. எல்லாமே கிழக்கு மேற்காக நிற்கின்றன. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வெயில் அந்தத் திசையிலேயே நகர்வதால் நீளச் சுவர்களில் சூடு விழாது. இதை யோசித்துக் கட்டியிருக்கிறார். நோயாளி தனியாக வருவதில்லை. பெண்டாட்டி பிள்ளை, பாத்திரம் பண்டத்தோடு படகில் வந்து இறங்குவார்கள், வார்டு வாசலிலேயே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து பார்த்தவர்கள் சிலர் இதைக் கண்டு முகம் சுளித்தார்கள். நமக்கு அப்படித் தோன்றாது. கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசலில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். தன் வீட்டார் கையால் சாப்பிட்டால்தான் நோயாளி தேறுவான் என்பது இரண்டு ஊருக்கும் தெரிந்த விஷயம்.

அவருடைய அறையில் ஒடுக்கமான கட்டில், கொசுவலை, எழுது மேசை. பாரிஸ் பாக் சங்கம் அவருக்கென்று செய்து கொடுத்த பியானோவுக்கு உள்ளே துத்தநாகத் தகடு அடித்திருந்ததாம், இந்த ஈரத்தைத் தாங்க. பகலெல்லாம் அறுவை சிகிச்சை செய்துவிட்டு இரவில் அதை வாசித்திருக்கிறார். 1952ஆம் ஆண்டின் அமைதி நோபல் பரிசுப் பணத்தைத் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பில் செலவிட்டார். 1965 செப்டம்பர் 4 அன்று, தொண்ணூறாவது வயதில், இங்கேயே காலமானார். சமாதி வீட்டை ஒட்டி, ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது, சாதாரணச் சிலுவைதான்.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆப்பிரிக்கர்கள் தம் சகோதரர்கள், ஆனால் தாம் மூத்தவர் என்ற கருத்தில் எழுதியவர். அந்த மூத்தவர் நினைப்பு காபோன்காரர்கள் பலரை நோகடித்தது, அது நியாயமான கோபம். அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே கல்வா மக்கள் இந்தக் கரையில் ஊர் அமைத்து வாணிகம் செய்தவர்கள். இன்றைய லம்பரேனேவும் அவர் நினைவில் உறைந்து நிற்கும் ஊரல்ல. 1981இல் கட்டிய புதிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இயங்குகிறது. அங்குள்ள ஆராய்ச்சி மையம் மலேரியாத் தடுப்பூசிப் பரிசோதனை நடந்த 11 ஆப்பிரிக்க மையங்களில் ஒன்று. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது அந்த ஊசியைத்தான். இந்தச் சின்ன ஊரின் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளின் கையை நீட்டிக் கொடுத்ததால் கண்டம் முழுக்க எத்தனையோ பிள்ளைகள் பிழைக்கப் போகின்றன. ஊருக்குப் பெருமை சேர்ப்பதில் சுவைட்சரின் பெயருக்கு இணையாக இதையும் சொல்ல வேண்டும்.

படகுக்காரர் ஒரு பெரியவர். ஒகூமே மரத்தைக் குடைந்து செய்த படகு, பின்னால் மோட்டார். சிலே என்ற ஏரியைப் பார்க்கக் கூட்டிப் போனார். 1915 செப்டம்பரில் இந்த ஆற்றில்தான், ஒரு நோயாளியைப் பார்க்கப் போகும் வழியில், மாலை வெயிலில் நீர்யானைக் கூட்டத்துக்கு நடுவே படகு நகரும்போது, எல்லா உயிருக்கும் மதிப்பளிப்பதே அறத்தின் வேர் என்ற எண்ணம் சுவைட்சருக்குத் தெளிவானது. வடலூரில் வள்ளலார் 1867லேயே தருமசாலை அடுப்பை மூட்டிவிட்டார். ஒருவரை ஒருவர் அறியாமல் இரண்டு பேரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான் என்பது அந்தத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறைத்தது.

தம்பி மொழிபெயர்க்க, பெரியவர் என்னிடம் கேட்டார்: “அம்மா, உங்கள் ஊரில் ஆறு உண்டா?”

உண்டு என்றேன். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் அடையாறு.

“என்ன மீன் கிடைக்கும்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஜாபர்கான்பேட்டைப் பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும் லட்சம் பேரில் நானும் ஒருத்தி. 2015 டிசம்பரில் அந்த ஆறு எங்கள் தெருக்களுக்குள் வந்தபோதுதான் அது ஆறு என்பதே எங்களுக்கு நினைவு வந்தது. அதில் இறங்கிக் குளித்த, மீன் பிடித்த தலைமுறை ஒன்று இங்கே இருந்திருக்கிறது. அவர்கள் பேச்சை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, எங்கள் தெருவில் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. லம்பரேனேக்காக நான் ஏங்குவதில் பாதி, அடையாற்றுக்காக ஏங்கியிருக்க வேண்டிய ஏக்கம்தான். ஆறு எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று காலையில் முதல் வேலையாகப் பார்க்கிற மனிதர்களோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டால், பிறகு குழாயைத் திறந்து தண்ணீர் பிடிப்பது பழையபடி இருப்பதில்லை.

போன வருஷம் வீட்டில் அலமாரி செய்ய ஆற்காடு சாலையில் ஒரு கடைக்கு ப்ளைவுட் வாங்கப் போனேன். “ஒகூமே ஃபேஸ் போட்டதுங்க மேடம், காபோன் சரக்கு” என்று கடைக்காரர் பலகையைத் தட்டிக் காட்டினார். இளஞ்சிவப்பு ரேகை ஓடும் மெல்லிய தோல். பெரியவரின் படகும் இதே மரம். வேறு பலகை எடுக்க மனம் வரவில்லை. அம்மாவிடம் காரணத்தைச் சொன்னபோது, “அவ்வளவு பிடிச்சிருந்தா இன்னொரு தரம் போயிட்டு வாயேன்டி” என்றாள், ஏதோ காஞ்சிபுரம் போவதைப் போல.

தம்பி வேலையை முடித்துக்கொண்டு கோயம்புத்தூருக்கே வந்துவிட்டான். இனி லம்பரேனே போக எனக்கு ஒரு சாக்கும் கிடையாது, ஆசை மட்டும்தான். போனால் ஜூலையில் போக வேண்டும். பெரியவர் அப்படித்தான் சொல்லி அனுப்பினார். நான் பார்த்தது கரை தொட்டு ஓடிய மழைக்காலத்து ஆறு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை நிற்கும், ஆறு இறங்கும், நடுவில் மணல்திட்டுகள் எழும். குடும்பம் குடும்பமாகப் படகேறிப் போய் அங்கே ஓலைக்குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்களாம். ஆடிப்பெருக்குக்கு நாம் ஆற்றங்கரைக்குச் சோறு கட்டிக்கொண்டு போவதும் அதே காலத்தில்தான். அந்தத் திட்டில் அவர்களோடு உட்கார வேண்டும். வலை இழுப்பதையும், மீனைக் கீறிப் புகையில் வாட்டி அடுக்குவதையும் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். அடையாற்றில் என்ன மீன் இருந்தது என்று சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வயதானவர்களைத் தேடிக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன், பெரியவர் மறுபடி கேட்டால் சொல்வதற்கு.