நாற்பது தூண் கணக்கு

2018 கோடையில் இரானின் இஸ்ஃபஹான் நகரத்துக்குப் போயிருந்தேன். 1598-ல் ஷா அப்பாஸ் தலைநகராக்கிக்கொண்ட ஊர். நக்ஷே ஜஹான் சதுக்கம் மட்டுமே அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். சுற்றிலும் நீல ஓடு பதித்த மசூதிகள், அரண்மனை, கடைவீதி. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வந்துவிட்டது. 'இஸ்ஃபஹான் பாதி உலகம்' என்று ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வதை மன்னித்துவிடலாம்.

அடுத்து, தோட்டத்துக்கு நடுவே செஹெல் சோதூன் அரண்மனை. 'நாற்பது தூண்' என்று அர்த்தம். எண்ணிப் பாருங்கள், முகப்பில் இருபதுதான் வரும். ஏமாற்று வேலை இல்லை ஸார்! மீதி இருபது எதிரே குளத்துத் தண்ணீரில் தெரிகிறது என்பார்கள்.

சாயங்காலம் முப்பத்துமூன்று வளைவுப் பாலத்துக்குப் போனேன். கீழே ஸாயந்தே நதி. பெயர்தான் 'உயிர் தரும் ஆறு'. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வறட்சி பாதி, வயலுக்கும் ஆலைக்கும் வேறு ஊர்களுக்கும் அளவில்லாமல் எடுத்தது மீதி. அன்னப்பட்சிப் படகுகள் கரையில் சும்மா கிடந்தன. வளைவுக்கடியில் ஒரு பெரியவர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

"அணையில தண்ணி திறந்தா ஊரே இங்க வந்துடும்" என்றார் கூட வந்த டிரைவர்.

2021 நவம்பரில் விவசாயிகள் அதே ஆற்றுப்படுகையில் திரண்டு தண்ணீர் கேட்டதாகப் படித்தபோது அந்த நாற்பது தூண்தான் ஞாபகம் வந்தது. தண்ணீர் வற்றினால் இருபதுதானே மிஞ்சும்?